அத்தானோட மூணு சப்ரெஸ்ஸர், ஒரு சவுண்டுக்காரனோட காது

முதல்லயே சொல்லிடறேன், நான் துப்பாக்கி ஆளு கிடையாது. செந்தூல்ல பிஏ சிஸ்டம் வாடகைக்கு விடறவன், கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேன்னு எல்லாத்துக்கும் ஸ்பீக்கர் அடுக்கிட்டு மிக்ஸர் முன்னாடி நிக்கிறவன். இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை, அதோட பலன் இடது காதுல, ராத்திரி ஃபேன நிறுத்துனா 'ஙீ'ன்னு ஒரு கொசு நிரந்தரமா குடியிருக்கு. அதனால சத்தத்த பத்தி எவனாச்சும் எதையாச்சும் அளந்து விட்டா எனக்கு சுர்ருன்னு வந்துடும்.

இந்த வருஷம் தைப்பூச வேலையெல்லாம் முடிஞ்சு, கையில கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் டெக்சாஸ்ல இருக்கற அக்கா வீட்டுக்கு மூணு வாரம் போயிட்டு வந்தேன். அத்தான் அங்க குடியுரிமை வாங்கி பத்து வருஷம் ஆகுது, மனுஷனுக்கு ஒரே பொழுதுபோக்கு ஷூட்டிங். போன அன்னிக்கு ராத்திரியே மேசை மேல மூணு சப்ரெஸ்ஸர், அதாவது துப்பாக்கி முனையில மாட்டி வெடிச்சத்தத்த குறைக்கிற கருப்பு குழாய, வரிசையா வச்சிட்டு "மச்சான், நீ சவுண்டுக்காரன், இதுல எது நல்லதுன்னு உன் காத வச்சி சொல்லு"ன்னார். அவருக்கு சொன்னதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா நான் போட்டோ போட்டதுலருந்து அமெரிக்காவுல சொந்தக்காரங்க இருக்கற நம்மாளுங்க நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க, பிஸ்டலுக்கு எத வாங்கலாம்னு.

நம்ம ஊர்ல இருக்கறவங்க தயவு செஞ்சி இத வேடிக்கையா மட்டும் படிங்கலா. இங்க 1960 துப்பாக்கி சட்டம், 1971ல வந்த கூடுதல் தண்டனை சட்டம், ரெண்டும் விளையாட்டு இல்ல, ஏர்சாஃப்ட் பொம்மைக்கே அனுமதி கிடையாது. ஆன்லைன்ல 'கிளீனிங் கிட்'னு பேர வச்சி குழாய் விக்கிறான் பாருங்க, அந்த பக்கமே போவாதீங்க. அமெரிக்காவுலயே அப்படி வாங்கி மாட்டுனவங்க இருக்காங்க.

சரி, விருந்தாளியா போனவன் எப்படி சுட்டேன்னு கேப்பீங்க. அது ஒரு தனி கூத்து. விசிட் விசாவுல போறவன் அந்த நாட்டு சட்டப்படி துப்பாக்கியயே தொடக்கூடாது, ஆனா வேட்டை லைசன்ஸ் இருந்தா தொடலாம்! அதனால ஒரு பெரிய விளையாட்டு சாமான் கடையில வரிசையில நின்னு, வாழ்க்கையில கோழி கூட அறுக்காத நான், வெளியூர்காரங்களுக்கான வேட்டை லைசன்ஸ் ஒன்னு வாங்குனேன். கவுண்டர்ல இருந்த அம்மா "என்ன வேட்டையாடப் போறீங்க"ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டாங்க, நான் பேப்பர் டார்கெட்டுனேன். அதோட சப்ரெஸ்ஸர் யார் பேர்ல பதிஞ்சிருக்கோ அவங்க பக்கத்துலயே நிக்கணும், அதனால அத்தான் மூணு நாளும் என் தோள ஒட்டியே நின்னார், எங்க கல்யாணத்துல கூட அவ்ளோ கிட்ட நின்னதில்ல.

இப்ப சாமானுக்கு வரேன்.

நாம எல்லாரும் படத்துல பாத்தது 'புஸ்'னு ஒரு சத்தம், பக்கத்து ரூம்ல இருக்கறவன் திரும்பிக்கூட பாக்க மாட்டான். அது பொய். சும்மா 9 எம்எம் பிஸ்டல் சுட்டா கிட்டத்தட்ட 160 டெசிபல். நல்ல சப்ரெஸ்ஸர் போட்டா 20லருந்து 35 வரைக்கும் குறையும், அதாவது 130 சொச்சத்துல வந்து நிக்கும். உருமி மேளக்காரன் உங்க காது பக்கத்துல வந்து அடிச்சாலும் அத விட கம்மிதான். ஆனா 30 டெசிபல்ங்கறது சின்ன விஷயம் இல்ல, 20 குறைஞ்சாலே காத்தழுத்தம் பத்துல ஒரு பங்கு, 30ன்னா முப்பதுல ஒரு பங்குக்கும் கீழ. ஒரே வெடிச்சத்தத்துல காது போற எல்லைன்னு 140 டெசிபல வைப்பாங்க, சப்ரெஸ்ஸர் உங்கள அந்த கோட்டுக்கு கீழ கொண்டு வருது, அவ்ளோதான் அதோட வேலை. அதனால காத மூடற மஃப் போட்டேதான் சுட்டேன், மூணு நாளும். அத்தான் ஒரு தடவ மஃப கழட்டி சுட்டு காமிச்சார், எனக்கு மனசு வரல, மீதி இருக்கற காதையாச்சும் காப்பாத்தணும்.

இன்னொன்னு, போன்ல ஆப்ப போட்டு 'என் கேன் 105 டெசிபல்தான்'னு வீடியோ போடறாங்களே (சப்ரெஸ்ஸரத்தான் கேன்னு செல்லமா சொல்றது), அத நம்பாதீங்க. நம்ம சவுண்டு மீட்டர் 'ஃபாஸ்ட்'ல வச்சாலும் எட்டுல ஒரு செகண்டு சத்தத்த சேத்து சராசரி பண்ணும், துப்பாக்கி சத்தத்தோட உச்சி ஒரு மில்லிசெகண்டு கூட நிக்காது. மீட்டர் கண்ண தொறக்கறதுக்குள்ள திருடன் வீட்ட காலி பண்ணிட்டு போயிடறான். நான் கொண்டு போன மீட்டரும் 130க்கு மேல படிக்காது, அதனால பைய விட்டு வெளியவே எடுக்கல. கம்பெனிக்காரன் டப்பால போடற நம்பரும் மைக்க எங்க வச்சான், எந்த குண்டு சுட்டான்னு பொறுத்து மாறும். அத்தான் நம்பர பாத்துதான் வாங்கியிருக்கார், அங்கயே எனக்கும் அவருக்கும் முதல் சண்ட.

மொத நாள் வெட்டவெளி ரேஞ்ச். கிளாக் 17 பிஸ்டல், மரை போட்ட பேரல் (குழல்), முனையில ரக்கட் கம்பெனியோட ஆப்சிடியன் 9. இது முன்பக்கத்து துண்ட கழட்டி குட்டையாவும் வச்சிக்கலாம், நீட்டமாவும் வச்சிக்கலாம். அத்தான் ஒரு டப்பா குண்ட நீட்டுனார், 115 கிரெய்ன் (கிரெய்ன்ங்கறது குண்டோட எடை அளவு), விலை கம்மி. சுட்டேன். பக்கத்துல சத்தம் குறைஞ்சிதான் இருந்துச்சி, ஆனா ரேஞ்சோட கோடியில இருக்கற மர வரிசையிலருந்து சாட்டைய சொடுக்குன மாதிரி 'டப்ப்'னு ஒரு சத்தம் திரும்பி வந்துச்சி. நான் அத்தான பாத்தேன், அவர் "கேன் அப்படித்தான்"னார். கேன் இல்லலா, குண்டு. ஒலியோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர் சொச்சம், 115 கிரெய்ன் குண்டு அதத் தாண்டிதான் பறக்கும், தாண்டுனா காத்த கிழிச்சிக்கிட்டு போகும், அந்த கிழிசல் சத்தம் பேரலுக்கு வெளிய பொறக்குது, முனையில என்னத்த மாட்டி என்ன செய்ய.

அடுத்த டப்பா 147 கிரெய்ன். கனமான குண்டு, மெதுவா போகும், ஒலிய தாண்டாது. ஒரே பிஸ்டல், ஒரே கேன், அதே ஆளு. நான் ட்ரிக்கர இழுத்தேன், மர வரிசை ஒன்னும் பேசல. ஆணி அடிக்கிற மெஷின மரத்துல வச்சி அழுத்துன மாதிரி ஒரு 'தப்', அதுக்கு அப்புறம் பிஸ்டலோட மேல்பாகமான ஸ்லைடு பின்னாடி போய் முன்னாடி வர்ற 'சளக்', அதுக்கும் அப்புறம் தூரத்துல இரும்பு பிளேட் 'டிங்'. மூணும் தனித்தனியா கேட்டுச்சி! மிக்ஸர்ல ஹைய மொத்தமா கீழ இழுத்தா வர்ற சவுண்டு அது. அத்தான் முகத்துல ஒரு பெரும, அத்தனையும் அவரே செஞ்ச மாதிரி. நான் சொன்னேன், "அத்தான், நீங்க ஆயிரம் டாலர் குழாய்க்கு குடுத்துட்டு குண்டுல சில்லறை மிச்சம் புடிக்கிறீங்க." அக்காகிட்ட இத சொல்லி அவ ரெண்டு நாள் சிரிச்சா.

45 கேலிபர் ஆளுங்களுக்கு இந்த தலவலி கிடையாது, அந்த வழக்கமான 230 கிரெய்ன் குண்டு பொறவியிலயே மெதுவா போறது. ஆனா ஓட்ட பெருசு, அதனால கேனும் பெருசு, கனம். 45க்கு செஞ்ச கேன்ல 9 எம்எம் சுடலாம், பேரல்ல திருகுற பிஸ்டன்ங்கற துண்ட மரைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டா போதும், சத்தம் கொஞ்சம் கூட வரும். திருப்பி செஞ்சா, 9 கேன்ல 45 போட்டா, கேனும் போச்சு கையும் போகலாம்.

ரெண்டாவது மேகசின்ல (குண்ட அடுக்கி பிஸ்டல் பிடிக்குள்ள சொருகற பெட்டி) சிக்கல். ஸ்லைடு பாதி வழியில நின்னு, காலி தோட்டா வாயில கவ்வுன மாதிரி மாட்டிக்கிச்சி. தட்டி எடுத்து திரும்ப சுட்டா திரும்ப அதே. அத்தான் பிஸ்டல திட்ட ஆரம்பிச்சிட்டார். இந்த இடம்தான் பிஸ்டல் சப்ரெஸ்ஸர்ல நெஜமாவே தெரிஞ்சிக்க வேண்டிய இடம், ரைஃபிளுக்கு மாட்டறவங்களுக்கு இது வர்றதே இல்ல. கிளாக், சிக், இந்த மாதிரி பெரும்பாலான பிஸ்டல்ல பேரல் ஆணி அடிச்ச மாதிரி நிக்காது, ஜான் பிரவுனிங் காலத்து டிசைன், சுட்டதும் பேரலும் ஸ்லைடோட சேந்து கொஞ்சம் பின்னாடி போயி வால் பக்கம் கீழ சாஞ்சாதான் பூட்டு தொறக்கும். இப்ப அந்த பேரலோட மூக்குல முந்நூறு கிராம் இரும்ப தொங்க விட்டா அது எப்படி சுளுவா பின்னாடி போகும், எப்படி சாயும்? அதுக்குத்தான் கேனோட அடியில பூஸ்டர்னு ஒன்னு, நீல்சன் டிவைஸ்னும் சொல்றாங்க. ஒரு பிஸ்டனும் ஸ்ப்ரிங்கும், மோட்டார் ஷாக் அப்சார்பர் மாதிரி. பேரல்ல மரை ஏறுறது பிஸ்டன் மட்டும்தான், கேனோட உடம்பு ஸ்ப்ரிங்குல மெதக்குது. சுட்ட நொடியில கேஸ் உடம்ப முன்னாடி தள்ளும், பேரல் பின்னாடி போகும், அந்த கண நேரத்துக்கு பேரலுக்கு தன் மூக்குல ஒன்னுமே தொங்காத மாதிரி இருக்கும்.

நான் கழட்டி பாத்தா பிஸ்டன் கருவாடு மாதிரி காஞ்சி கெடக்கு, கரி அப்பி ஸ்ப்ரிங் பாதிதான் அசையுது. "எப்ப கிரீஸ் போட்டீங்க?" "வாங்குனப்ப போட்டிருப்பான்ல." அலாமாக். துணியால தொடச்சி, அத்தானோட காடி (கார்) பூட்ல இருந்த டப்பாவுலருந்து ஒரு பயறு அளவு கிரீஸ் தடவி மாட்டுனோம், அதுக்கு அப்புறம் நூறு குண்டு ஒரு இடத்துல கூட நிக்கல. பெரட்டா 92 மாதிரி பேரல் சாயாம நேரா பின்னாடி போற பிஸ்டல் இருந்தா இந்த விஷயத்துல கொஞ்சம் பொறுத்து போகும். பேரல் அசையவே அசையாத துப்பாக்கின்னா ஸ்ப்ரிங்க எடுத்துட்டு கட்டியான ஸ்பேசர் போடணும், அதுல ஸ்ப்ரிங்கோட சுட்டா பிஸ்டன் உள்ளயே அடிபட்டு நாசமாகும்.

மரை விஷயம் சுருக்கமா. அமெரிக்க 9 எம்எம் பேரல் பெரும்பாலும் 1/2-28 (அரை அங்குல தடிமன், அங்குலத்துக்கு 28 மரை), ஐரோப்பா பக்கத்துல செஞ்சது நிறைய 13.5 மில்லிமீட்டர் இடது மரை, அதாவது திருகுறது தலகீழ். பிஸ்டன் தனியா விப்பாங்க, பேரல பாத்துட்டு வாங்குங்க. போற போக்குல இறுக்கி பாத்துக்கிட்டே இருக்கணும், சுட சுட தளரும், ஒவ்வொரு மேகசினுக்கும் பிஸ்டல காலி பண்ணிட்டு, முனைய டார்கெட் பக்கமே வச்சிக்கிட்டு. கோணலா நின்னா குண்டு உள்ள இருக்கற தடுப்ப உரசும். அந்த ரேஞ்சோட கவுண்டர்ல அப்படி ஒன்ன காட்சிக்கு வச்சிருக்காங்க, முனை வாழப்பூ மாதிரி விரிஞ்சி கெடக்கு, பாத்த உடனே நான் திரும்ப போயி நம்மளத ஒரு தடவ இறுக்குனேன்.

இறுக்கும்போது வெறுங்கையால தொட்டது என் தப்பு. மூணு மேகசின் சுட்ட கேன் ரொட்டி சானாய் கல்லு மாதிரி. அக்காவோட அடுப்படி கையுறைய அத்தான் ஏன் ரேஞ்ச் பையில வச்சிருக்கார்னு அப்பதான் புரிஞ்சிச்சி.

ரெண்டாவது கேன் சைலன்சர்கோவோட ஓஸ்ப்ரே. இத பாத்ததுமே எனக்கு புடிச்சிச்சி, ஏன்னா உருண்டை இல்ல, குண்டு போற ஓட்ட நடுவுல இல்லாம மேல தள்ளி, உடம்பு கீழ தொங்குது. காரணம் ரொம்ப சாதாரணம்: உருண்ட கேன் மாட்டுனா பிஸ்டல் மேல குறி பாக்கற சைட் மறைஞ்சி போயிடும், குறி பாத்தா கருப்பு டின்னுதான் தெரியும். அதுக்கு உயரமான சைட் மாத்தணும், இல்லன்னா செவப்பு புள்ளி காட்டற ரெட் டாட் சைட் போடணும், அது ஒரு தனி செலவு. ஓஸ்ப்ரேல பிஸ்டலோட வந்த சைட்டே பெரும்பாலும் தெரியும், உடம்பு நேரா நிக்கறதுக்கு ஒரு சின்ன லீவர் இருக்கு. காதுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்கு தெரியல, உண்மையா சொல்றேன். என் கண்ண கட்டிட்டு அவர் மாத்தி மாத்தி சுட்டார், எந்த கேன்னு ஆறுல மூணு சரியா சொன்னேன், அதுக்கு காச சுண்டி போட்டிருக்கலாம்.

ஆனா ரெண்டுலயும் முதல் குண்டு மட்டும் சத்தமா இருந்துச்சி. உள்ள இருக்கற காத்துல ஆக்சிஜன் இருக்கும், முதல் குண்டோட எரியாத மருந்து அதுல பத்திக்கும், அடுத்த குண்டுக்கு உள்ள வெறும் புகைதான். ஒரு டீஸ்பூன் தண்ணிய உள்ள விட்டு சுட்டா அதுவும் அடங்கும், செஞ்சி பாத்தோம், நல்லா அடங்குச்சி, கூடவே கருப்பு சாரல் ரெண்டு பேரு மூஞ்சியிலயும். கம்பெனிக்காரன் தண்ணி விடலாம்னு சொல்லியிருக்கானான்னு பாத்துட்டு செய்யுங்க. தண்ணி இல்லாட்டியும் கேஸ் கொஞ்சம் பின்னாடி வரத்தான் செய்யும், கண்ணாடி போடாம சுடாதீங்க. அன்னிக்கு ராத்திரி அக்கா வச்ச மீன் கறியில எனக்கு இரும்பு வாடதான் வந்துச்சி, பிஸ்டல் உள்ளயும் வழக்கத்த விட ரெண்டு மடங்கு கரி.

இந்த சமாச்சாரத்த 1909லயே பேடண்ட் வாங்குனவர் ஹைரம் பெர்சி மேக்ஸிம், மெஷின் கன் கண்டுபுடிச்ச மேக்ஸிமோட மகன். அப்பாவுக்கு துப்பாக்கி சத்தத்துலயே காது போச்சி, மகன் சத்தத்த அடக்கற வேலை செஞ்சார். எனக்கு புடிச்ச பகுதி என்னன்னா, 1914ல அமெரிக்க ஹாம் ரேடியோ சங்கத்த ஆரம்பிச்ச ரெண்டு பேருல இவரும் ஒருத்தர். சவுண்டுக்காரன், நம்ம ஜாதி! எஞ்சின் சைலன்சரும் இவரு கை வச்ச சாமான்தான், நாம மோட்டார் குழாய சைலன்சர்னு சொல்றது சும்மா இல்ல. விடியக்காலம் மூணு மணிக்கு எங்க பிளாட்டுக்கு கீழ அத கழட்டி போட்டுட்டு ரேஸ் விடற ரெம்பிட் பசங்களுக்கு இந்த கதைய யாராச்சும் சொல்லுங்க.

மூணாவது நாள் மழை, உள்ளரங்க ரேஞ்சுக்கு போனோம். காசு தண்டம். நம்ம பிஸ்டல்ல எவ்ளோ நல்ல கேன் இருந்து என்ன, பக்கத்து லேன்ல ஒருத்தன் ஒன்னும் மாட்டாத ரைஃபிள சுடறான், சுவரெல்லாம் கான்கிரீட்டு, எதிரொலி நெஞ்சுல இடிக்குது. கேனோட அருமை தெரியணும்னா வெட்டவெளிதான்.

அன்னிக்குத்தான் மூணாவத எடுத்தார், டூ டூ (.22) கேலிபர்ங்கற சின்ன குண்டுக்கானது, ரூகர் மார்க் ஃபோர் மேல. சண்டைக்கு வராதீங்க, எனக்கு மூணுலயும் இதுதான் ராஜா. பேரல் அசையாது, அதனால பூஸ்டர் கிடையாது, கிரீஸ் கிடையாது. குண்டு விலை கம்மி, 'ஸ்டேண்டர்ட் வெலாசிட்டி' 40 கிரெய்ன் ஒலிய தாண்டாது, கேன் என் கட்ட விரல விட கொஞ்சம் மொத்தம். அடுத்த லேன் ஆளு குண்டு மாத்தற சந்துல சுட்டேன், ஸ்டேப்லர அமுக்குன மாதிரி. ஒரே ஒரு தொல்ல, டூ டூ குண்டு வெறும் ஈயம், உள்ள ஈயமும் மெழுகும் கரியும் படிஞ்சி இறுகிடும், அதனால கழட்டி கழுவற மாதிரி இருக்கறதத்தான் வாங்கணும். கழுவுன தூசிய மூக்குல ஏத்தாம, சமையல் சிங்க்ல கழுவாம. அத்தான் சிங்க்ல கழுவறார். அக்காவுக்கு இன்னும் தெரியாது, இத படிச்சா தெரியும்.

காகித வேலை: அமெரிக்காவோட 1934 சட்டப்படி ஒவ்வொரு சப்ரெஸ்ஸருக்கும் 200 டாலர் வரி, தொண்ணூறு வருஷமா ஏத்தவும் இல்ல இறக்கவும் இல்ல, 2026 ஜனவரி 1லருந்து அது பூஜ்யம். ஆனா ஃபாரம் 4ங்கற விண்ணப்பம், கைரேகை, போட்டோ, பின்னணி சோதனை எல்லாம் அப்படியேதான் இருக்கு, வரி போனதால சட்டமே போச்சுன்னு நெனைக்காதீங்க. 42 மாநிலத்துல வச்சிக்கலாம், கலிஃபோர்னியா, நியூயார்க் சொந்தக்காரங்க ஆசைப்பட முடியாது. அத்தான் மொத ரெண்டுக்கும் 200, 200 கட்டி, முதல் ஒன்னுக்கு பத்து மாசம் காத்திருந்தார். டூ டூ இந்த வருஷம் வாங்குனது, வரி இல்ல, எனக்கு அத சொல்லும்போது அவர் மூஞ்சிய பாக்கணும், நானூறு டாலர் திரும்ப வராத சோகம்.

அதனால என் தீர்ப்பு, கேட்டவங்களுக்கு: டப்பால போட்ட டெசிபல் நம்பர்ல ரெண்டு மூணு கூட கொறச்சலுக்கு முந்நூறு டாலர் அதிகம் குடுக்காதீங்க, காதுக்கு அது தெரியாது. உங்க பிஸ்டல் அந்த கனத்தோட ஓடுதா, சைட் தெரியுதா, பிஸ்டன் எல்லா கடையிலயும் கிடைக்குதா, அத பாருங்க, மிச்ச காசுக்கு 147 கிரெய்ன் வாங்குங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க டூ டூல ஆரம்பிங்க. அத்தான்கிட்ட இத சொன்னதுக்கு "அப்ப நாலாவது வாங்க வேணாம்ங்கற"ன்னார், அக்கா உள்ளருந்து "வேணாம்"னா.

ஊருக்கு கிளம்பற அன்னிக்கு பெட்டி கட்டும்போது ஷூவ தட்டுனேன், உள்ளருந்து காலி தோட்டா ஒன்னு உருண்டு வந்துச்சி, 9 எம்எம், பளபளன்னு. ரேஞ்சுல ஒரு தடவ சட்ட காலருக்குள்ள ஒன்னு விழுந்து நான் ஆட்டம் போட்டேன், அது அப்படியே கீழ எறங்கி ஷூல ஒதுங்கியிருக்கு. எனக்கு வேர்த்துடுச்சி. கேஎல்ஐஏ ஸ்கேன் மெஷின் முன்னாடி நின்னு வேட்டை லைசன்ஸ் கதையெல்லாம் சொல்ற தெம்பு எனக்கு கிடையாது. மறுபடி பெட்டிய மொத்தமா கொட்டி, ஒவ்வொரு பாக்கெட்டா உதறி, சாக்ஸ கூட திருப்பி பாத்தேன். அத்தான் அந்த காலி தோட்டாவ எடுத்து ஊறுகா பாட்டில்ல மத்ததோட போட்டுட்டு, "மச்சான் ஷூவ இன்னொரு தடவ தட்டு"ன்னார். தட்டுனேன். இன்னொன்னு விழுந்துச்சி.